மாத்திரை போட்டதால்தான் பையன் இப்படி ஆனானா?

கேள்வி: டாக்டரம்மா, கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். இப்போது ஏழாவது மாதம். மூத்தவனுக்கு நாலு வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான், சொன்ன பேச்சும் கேட்பதில்லை. அவன் வயிற்றில் இருந்தபோது காய்ச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் மாத்திரை போட்டிருக்கிறேன். அதனால்தான் பிள்ளை இப்படி என்று நாத்தனார் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதிலிருந்து தூக்கமே இல்லை. இந்த முறை தலைவலி வந்தால்கூட பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். தைலம் மட்டும் தேய்க்கிறேன். நான் செய்வது சரியா?

பதில்: முதலில் அந்தத் தலைவலியைப் பார்ப்போம் அம்மா, அதுதான் அவசரம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வரும் தலைவலி ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். நாளைக்கே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரஷர் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மூடுபனி, இரவு நேரம், விடிந்ததும் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி மூத்தவன் விஷயம். அந்த வீடியோ எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் எடுப்பதை ஆட்டிசத்தோடு (பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் தடங்கல் தரும் வளர்ச்சிக் குறைபாடு) தொடர்புபடுத்திப் பேசினார். அடுத்த இரண்டு நாளில் உலக சுகாதார நிறுவனம், அப்படி ஒரு தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. முதல் செய்தி மலையேறி உங்கள் வீடு வரை வந்துவிட்டது, இரண்டாவது வரவில்லை.

ஆனால் அந்தச் சந்தேகம் வெறும் வதந்தியாகப் பிறந்தது இல்லை. டென்மார்க்கில் 64,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2014-இல் வந்த ஆய்வு, கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் துறுதுறுப்பும் கவனச்சிதறலும் சற்றுக் கூடுதல் என்றது. ஆனால் ஒருத்தி ஏன் மாத்திரை போடுகிறாள்? காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, ஓயாத வலி, மன உளைச்சல். பிள்ளையைப் பாதித்தது மாத்திரையா, அந்த நோயா, குடும்பத்தில் வழிவழியாக வரும் இயல்பா? இப்படி ஒரு தாயை வேறொரு தாயோடு ஒப்பிட்டால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் சுவீடனில் ஒரு தாயின் பிள்ளைகளையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள். 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகள் அவை. ஆய்வு 2024-இல் வெளியானது. பொதுவாகப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு (ADHD) கண்டறியப்பட்டவர்கள் மாத்திரை எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 25 பேர், எடுத்தவர்களின் பிள்ளைகளில் சுமார் 29 பேர். பிறகு, ஒரு கர்ப்பத்தில் மாத்திரை போட்டு இன்னொன்றில் போடாத தாய்மாரை மட்டும் எடுத்து, அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்துவிட்டது. ஆட்டிசத்திலும் அப்படியே. உங்கள் மகனின் துறுதுறுப்புக்கு நீங்கள் போட்ட பாராசிட்டமாலைக் காரணம் காட்ட யாரிடமும் ஆதாரம் இல்லை. உங்கள் நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நார்வேயில் 2013-இல் இதேபோல உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, கர்ப்பத்தில் 28 நாளுக்கு மேல் பாராசிட்டமால் எடுத்திருந்தால் மூன்று வயதில் நடத்தையிலும் உடல் இயக்கத்திலும் சில பாதகங்கள் தெரிந்தன. நாலு நாள் காய்ச்சலுக்குப் போடுவது வேறு, வாரக்கணக்கில் தினமும் போடுவது வேறு. என் நோயாளிகளுக்கு நான் சொல்வது: தேவையென்றால் 500 மி.கி. ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். இரண்டு நாளில் வலியோ காய்ச்சலோ அடங்கவில்லை என்றால் மூன்றாம் நாள் மாத்திரை அல்ல, மருத்துவர். காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதும் குழந்தைக்கு நல்லதல்ல. தேயிலைச் செடிக்குள் நின்று வேலை செய்கிறவர் நீங்கள். காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ கருத்த பொருக்கு ஒன்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து அதற்கு உண்டு, தாமதம்தான் ஆபத்து.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது "இடுப்பு வலி மாத்திரை". அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டு மாத்திரை தருவார்கள். பின்பக்கத் தகட்டில் பெயரில் பாதி இருக்கும், மருந்தின் விவரம் வெட்டுப்பட்ட மற்ற பாதியோடு கடையிலேயே நின்றுவிடும். காகிதத்தில் மடித்துத் தரும் "செட் மாத்திரை"யில் அந்தப் பாதியும் இருக்காது. உள்ளே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பல நேரம் பாராசிட்டமாலோடு சேர்த்தே ஒரே மாத்திரையாக வரும், அதனால் "அதே காய்ச்சல் மாத்திரைதான்" என்று தோன்றும். 20 வாரத்துக்குப் பிறகு இந்த நாலு வலி மருந்துகளும் கருவின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம். குழந்தையின் சிறுநீர்தான் பனிக்குட நீரின் பெரும்பகுதி என்பதால் அந்த நீரும் வற்றும். 30 வாரத்துக்குப் பிறகு, நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிடும் ஒரு குழாய் பிறப்பதற்கு முன்பே சுருங்கக்கூடும். மூத்தவன் நலமாகப் பிறந்துவிட்டான், அதை நினைத்து இப்போது மருக வேண்டாம். இந்த முறை கடையில் "ஏழு மாதக் கர்ப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தின் விவரம் இருக்கும் பக்கமாக வெட்டித் தரக் கேளுங்கள், செட் வாங்காதீர்கள். பிரஷருக்காக மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தைலம் என்றீர்களே, எந்தத் தைலம்? நீலகிரித் தைலம் கொஞ்சம் தடவினால் பயமில்லை. நம் ஊர்க் கடைகளில் அதன் பக்கத்திலேயே விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய் அப்படியல்ல. அது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன், தோல் வழியாக உள்ளே போகும். வலித்தைலங்கள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். பிரசவம் முடியும்வரை தேய்க்காதீர்கள், டைக்ளோஃபெனாக் ஜெல்லும் வேண்டாம். விண்டர்கிரீன் பாட்டிலை மூத்தவனுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம்; சின்னப் பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும்.

இடுப்புக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். கொழுந்து மூட்டையை எடை போடும் இடம்வரை வேறு யாராவது சுமக்கட்டும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உங்கள் சட்ட உரிமை. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். உங்களுக்கு அந்த நேரம் நெருங்கிவிட்டது, இப்போதே எழுதிக் கொடுங்கள்.

மூத்தவனிடம் சிலவற்றைக் கவனியுங்கள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறானா? மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறானா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் நாலு வயதுத் துறுதுறுப்புதான். ஒன்றுக்கு இல்லை என்றாலும் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழு அவனைப் பார்த்துத் தேவையான இடத்துக்கு அனுப்புவார்கள். அடுத்து எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு, அன்று அவனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.