டச் ஸ்கிரீன் பேனல்: பட்டனை எங்கே வைப்பது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டும் ஹெச்எம்ஐ திரையும் (மெஷினை இயக்க ஆபரேட்டர் தொடும் திரை) என் பிழைப்பு. திரை அமைப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த புரோகிராமர், கிண்டி): சார், ஏழு இன்ச் திரை. இடப்பக்கம் ஆறு பட்டன், வலப்பக்கம் ஆறு, நடுவில் டேங்க் படம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் "ஒவ்வொண்ணையும் தேட வேண்டியிருக்கு" என்கிறார்.

தம்பி, இடமும் வலமும் ஒத்துப்போக இது என்ன கோலமா? பன்னிரண்டும் ஒரே அளவில் இருந்தால் கண் எதில் போய் நிற்கும்? ஒரு முழு ஷிஃப்ட் அவர் பக்கத்தில் நின்று, எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்துகிறார் என்று துண்டுச்சீட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரகடத்தில் ஒரு ஃபில்லிங் மெஷினுக்கு நான் அப்படிச் செய்தபோது, 14 பட்டன்களில் நாள் முழுக்கக் கோடு விழுந்தது நான்குக்குத்தான். அந்த நான்கையும் பெரிதாக்கிக் கீழ் வரிசையில் வைத்தேன், மற்றவை அடுத்த பக்கத்துக்குப் போயின.

ஏன் கீழ் வரிசை? மேலே இருக்கும் பட்டனை அழுத்தக் கை நீளும்போது உள்ளங்கை கீழே இருப்பதை எல்லாம் மறைத்துவிடும். அதனால் அழுத்தம், வெப்பநிலை எண்கள் மேலே, பட்டன் கீழே. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஸ்டாப் பட்டன் அதே மூலையில் இருக்கட்டும். அப்புறம், ஆபத்தான பட்டனுக்கு அக்கம்பக்கம் வேண்டாம். என் முதல் வேலையில் ரெசிபி (ஒரு தயாரிப்புக்கு மெஷினில் சேமித்து வைக்கும் அளவுகள்) சேவ் பட்டனை ஒட்டியே டெலிட் பட்டனை வைத்தேன். மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டில் ஒரு ரெசிபி காணாமல் போனது. திட்டு எனக்குத்தான், நியாயமான திட்டு.

கேள்வி: பட்டன் எத்தனை பிக்சல் வைக்கலாம் அண்ணா?

பிக்சலில் யோசிக்காதீர்கள், மில்லிமீட்டரில் யோசியுங்கள். 800க்கு 480 பிக்சல் உள்ள ஏழு இன்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 154 மி.மீ. ஆக, ஒரு மி.மீ.க்குச் சுமார் 5 பிக்சல். போனில் 9 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம். கையுறை போட்ட விரலுக்கு நான் 15 மி.மீ.க்குக் குறைய விடுவதில்லை, அதாவது 80 பிக்சல் பக்கம். சந்தேகம் இருந்தால் திரையை அசல் அளவில் பிரின்ட் எடுத்து, பேனல் கதவில் ஒட்டி, கையுறையோடு அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரையிலேயே கொடுத்தால் ஒரு ஸ்விட்ச் மிச்சம் என்கிறார் முதலாளி.

கூடவே கூடாது. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பட்டன், தனி வயரிங். திரை ஹேங் ஆன நேரத்தில்தான் அது தேவைப்படும்.

கேள்வி (மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், ஸ்ரீபெரும்புதூர்): கஸ்டமருக்குத் திரை கலர் கலராக வேண்டுமாம்.

எல்லா மோட்டாரும் பச்சையில் ஜொலித்தால், ட்ரிப் ஆன (கோளாறால் தானாக நின்றுபோன) ஒன்று அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும். பின்னணி சாம்பல், சாதாரண நிலை மங்கல். சிவப்பும் மஞ்சளும் அலாரத்துக்கு மட்டும். நிறத்தை அளவாக வைக்கச் சொல்வதுதான் ஹெச்எம்ஐ திரைகளுக்கென்று 2015இல் வந்த ஐஎஸ்ஏ 101 தரநிலையின் போக்கும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் ஷிஃப்டில் இருப்பார்கள். அதனால் நிறத்தோடு 'ட்ரிப்' என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

கேள்வி: மே மாதத்தில் வியர்வைக் கையோடு தொட்டால் திரை தாறுமாறாகப் போகிறது.

அது விரலின் மின்தன்மையை வைத்துத் தொடுதலை உணரும் கெபாசிட்டிவ் திரையாக இருக்கும். ஈரமும் தடித்த கையுறையும் உள்ள இடத்துக்கு ரெசிஸ்டிவ் வாங்குங்கள், அது அழுத்தத்தில் வேலை செய்வது.

கேள்வி: தமிழில் பெயர் போட்டால் 'கொதிகலன்' உடைந்து வருகிறதே?

பழைய மாடல்களுக்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது. ஒற்றைக்கொம்பைக் 'க'வுக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டுவிடும். அந்தச் சொல்லை மட்டும் படமாக்கி ஏற்றுங்கள். மேல் சுழிக்கும் கீழ் வளைவுக்கும் இடம் வேண்டும், ஆங்கிலத்துக்கு வைத்த பட்டன் உயரம் பத்தாது. அதோடு, 'கொதிகலன்' என்று அங்கே யாராவது சொல்கிறார்களா? 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றால் அதையே எழுதுங்கள், கொம்புத் தொல்லையும் இல்லை.