எடை ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

கேள்வி: ஒரு கிலோ உடல் எடை சுமார் 7,700 கிலோகலோரிக்குச் சமம் என்கிறார்கள். அப்படியானால், நாள்தோறும் 100 கிலோகலோரி குறைத்து உண்பவருக்கு ஓராண்டில் நாலே முக்கால் கிலோ குறைய வேண்டும். ஆனால், பலருக்குச் சில மாதங்களிலேயே எடை அசையாமல் நின்றுவிடுகிறதே, கணக்கில் எங்கே பிழை?

பதில்: பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை இல்லை, உடலின் ஆற்றல் செலவு என்றும் மாறாது என்று வைத்துக்கொண்டதில்தான் பிழை. அதே கணக்கைப் பத்தாண்டுகளுக்கு நீட்டினால் 47 கிலோ குறையும் என்று வரும். அப்படி நடப்பதில்லை.

உடலின் ஆற்றலை விவரிக்கும் கணித மாதிரிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: சேமிப்பு மாறும் வேகம் என்பது வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைப்பது. நுட்பம் முழுவதும் அந்தச் செலவில் இருக்கிறது. எடை குறையக் குறைய, அந்த உடலைப் பேணவும் அசைக்கவும் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. அடியில் துளையுள்ள தொட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் தணிவதைப் போல, வரவும் செலவும் மெல்ல நெருங்கி ஒரு புதிய சமநிலையை அடைகின்றன. அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட மாதிரியின்படி, அன்றாட உணவில் நிலையாகக் குறைக்கப்படும் ஒவ்வொரு 24 கிலோகலோரிக்கும் இறுதியில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டும், ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்றாண்டுகளும் ஆகும். ஆகவே, நீங்கள் சொன்ன 100 கிலோகலோரிக்கு முதலாண்டில் இரண்டு கிலோ, முடிவில் நான்கு கிலோ என்பதே ஏற்கத்தக்க மதிப்பீடு. (முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவதற்குப் பெரும்பாலும் கிளைக்கோஜனும் (உடலில் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து) அதோடு சேர்ந்திருக்கும் நீரும் வெளியேறுவதே காரணம், அதைக் கொழுப்புக் குறைவாக எண்ணக் கூடாது.)

உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு இனிமேல்தான் விடை வருகிறது. செலவு சுருங்குவதால் மட்டுமே எடை நிற்பதென்றால் அதற்கு ஆண்டுகள் ஆகும்; சில மாதங்களிலேயே நிற்பதற்கு, பசி கூடி, உண்ணும் அளவு தெரியாமலே ஏறுவதுதான் பெரிய காரணம். இதை அளந்து காட்டிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம் குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓராண்டு கொடுக்கப்பட்டது. அந்த இழப்பை அவர்களால் நேரடியாக உணர முடியாது. எடையின் போக்கைச் சமன்பாட்டில் இட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் உண்ணும் அளவு நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோகலோரி கூடியிருந்தது தெரியவந்தது. அதே ஒரு கிலோ குறைவுக்குச் செலவு சுருங்குவதோ 20 முதல் 30 கிலோகலோரி வரைதான். எனவே, எடை நின்றுவிட்ட ஒருவரை மனவுறுதி இல்லாதவர் என்று பழிப்பது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தொடக்கத்தில் செய்த அதே முயற்சியை அவர் அப்போது கூடிவிட்ட பசிக்கு எதிராகவும் செய்துகொண்டிருக்கக்கூடும்.

இவையெல்லாம் சராசரிகள் என்பதால், தனி ஒருவரின் எடை இன்ன நாளில் இவ்வளவாக இருக்கும் என்று இவற்றைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.