குசினிக் கேள்வி பதில்: கீரையில் மண், கீரையில் கிருமி

முளைக்கீரையை நாலு தரம் கழுவியும் சுண்டலில் மண் நறநற என்று கடிபடுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
வாசகி, களுதாவளை

எத்தனை தரம் கழுவினீர்கள் என்பதில் பிழை இல்லை. தண்ணீரை ஊற்றும் விதத்தில்தான் பிழை. பேசினைச் சரித்துத் தண்ணீரை வடிக்கும்போது அடியில் படிந்த மணல் கிளம்பித் திரும்பவும் இலையிலேயே ஒட்டுகிறது. தண்ணீரை விட்டுவிட்டுக் கீரையைத் தூக்குங்கள். அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்க, அரிசி மேலால் போகிறதல்லவா, அதே கணக்கு.

உங்கள் பக்கம் கரையோர மணல் நிலம். தண்ணீர் இறைக்கும்போதும் மழையிலும் தெறிக்கும் மணல், இலையின் அடிப்பக்கத்திலும் காம்பும் தண்டும் சேரும் கவட்டிலும் போய் இருந்துகொள்ளும். ஆகவே முதலில் கட்டை அவிழுங்கள்; கட்டியபடி கழுவினால் நடுவுக்குள் தண்ணீர் போகாது. வேரையும் அடித்தண்டில் ஓர் அங்குலத்தையும் வெட்டி எறிந்து, பழுத்ததையும் அழுகியதையும் கழியுங்கள். ஒரு கட்டுக்கு ஐந்து லீற்றராவது கொள்ளும் பேசின் வேண்டும். கீரை மிதக்க இடம் இருந்தால்தான் மணல் கீழே இறங்கும். கையால் மெல்ல அலசி, இரண்டு நிமிடம் ஆட்டாமல் விட்டு, இரு கையாலும் அள்ளி வடிதட்டில் போடுங்கள். தண்ணீரைக் கொட்டி, பேசினின் அடியையும் கழுவிய பிறகே புதுத் தண்ணீர். மூன்றாம் தண்ணீரில் கீரையைத் தூக்கிவிட்டு அடியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணலும் நெருடாவிட்டால் போதும். நெருடினால் இன்னொரு தண்ணீர்.

வெட்டிய பிறகு கழுவ வேண்டாம். வெட்டுவாயால் சத்துக் கரைந்து வெளியே போகும், அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும்.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினாகிரி இதில் எது கிருமியைக் கொல்லும்? பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விடலாமா?
வாசகி, காத்தான்குடி

திரவம் வேண்டவே வேண்டாம். இலை அதை உறிஞ்சும். எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது, இலையில் மிஞ்சுவது வயிற்றைக் கெடுக்கும்.

உப்புத் தண்ணீர் பூச்சிக்கு நல்லது. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் சிறு புழுவும் இலைப்பேனும் கழன்று வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்த அளவு உப்புக் கிருமியைக் கொல்லாது. மஞ்சள் தண்ணீரும் அப்படித்தான். நிறம் மாறுவதைக் கண்டு சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம், அதுதான் ஆபத்து. வினாகிரி கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஓடும் தண்ணீரில் கவனமாக அலசுவதை விடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, இலையும் வதங்கிவிடும். எந்தக் கழுவலும் கிருமியைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. முழுதாகக் கொல்வது அடுப்புத்தான்.

மகள் பிள்ளைத்தாச்சி. வல்லாரைச் சம்பல் கேட்கிறாள். தேசிப்புளி விட்டால் பயமில்லைதானே?
ஒரு தாய், ஆரையம்பதி

அம்மா, தேசிப்புளியை நம்பிக் கொடுக்க வேண்டாம். வல்லாரை நிலத்தோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. மண்ணில் இருப்பதெல்லாம் இலைக்கு வரும். பூனை மலத்தால் மண்ணில் சேரும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடியது. வட்டப்புழுவின் முட்டை பசைபோல இலையில் ஒட்டும். புளிக்கும் வினாகிரிக்கும் குளோரினுக்கும் இவை இரண்டும் சாவதில்லை, சூட்டுக்குச் சாகும்.

வல்லாரையை நிறுத்தவும் தேவையில்லை. மேலே சொன்னபடி கழுவி, பிறகு ஒவ்வோர் இலையாகக் காம்பைப் பிடித்து ஓடும் தண்ணீரில் அடிப்பக்கத்தை விரலால் தேயுங்கள். அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு சட்டியில் போட்டு, எல்லாப் பக்கமும் ஆவி பறக்கும்வரை ஐந்து நிமிடம் கிளறிச் சுண்டலாக இறக்குங்கள். தேசிப்புளி ருசிக்கு, இறக்கிய பிறகு. பிள்ளைத்தாச்சிக்கு மட்டுமல்ல, சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுவே நல்லது.

மீன் வெட்டிய பலகையிலும் கத்தியிலும் கீரை அரியாதீர்கள். வேறு பலகை இல்லாவிட்டால் கீரையை முதலில் அரிந்து எடுத்துவிட்டு மீனைத் தொடுங்கள்.

மாரியில் வளவுக்குள் வெள்ளம் வந்து வடிந்தது. பொன்னாங்காணி அழியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் கழுவிச் சமைக்கலாமா?
வாசகர், வெல்லாவெளி

வெள்ளம் மூடிய இலையைப் பிடுங்கி எறியுங்கள். மலசலகூடக் குழியும் மாட்டுப்பட்டியும் ஒன்றாகக் கலந்த தண்ணீர் அது. 2011 தை மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெள்ளம் மேலால் போன கிணறு என்றால் அந்தத் தண்ணீரும் நம்பத் தக்கதல்ல. இறைத்துக் குளோரின் இடும்வரை கீரையைப் பச்சையாக யாரும் தின்ன வேண்டாம். குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், கண்மட்டத்தில் போடாதீர்கள். அதுவரை சந்தையில் வாங்கும் கீரைக்கு, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்து ஆறிய தண்ணீரே கழுவப் பாதுகாப்பு. பிறகு நன்றாகச் சமையுங்கள்.

கங்குன் கீரையைக் கழுவிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் அழுகுகிறது.
வாசகி, அக்கரைப்பற்று

ஈரத்தோடு வைப்பதால்தான். கடையில் தண்ணீர் தெளித்து விற்ற கட்டென்றால், அவிழ்த்து விரித்து ஈரம் உலர விட்டு, சுத்தமான துணியில் சுற்றி, வாய் கொஞ்சம் திறந்த பையில் வையுங்கள். கழுவுவது சமைக்கும் அன்றைக்கு. அரிந்த கீரையை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு மணித்தியாலமே அதிகம்.

கங்குன் எங்கே பறித்தது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் வளர்ந்த தண்டு, ஈயம் போன்ற உலோகங்களை வேரால் உள்ளே இழுத்து வைத்திருக்கும். அது கழுவியும் போகாது, சமைத்தும் போகாது. அப்படியான இடத்துக் கங்குனை வாங்க வேண்டாம்.