கோத்தகிரியில் கன்வெர்டிபிள் காரின் துணிக் கூரையில் பூசணம் பிடிக்கிறது. எப்படிச் சுத்தம் செய்து பாதுகாப்பது?

நீங்கள் கோவைப் பக்கமிருந்து புதிதாக மேலே வந்தவர் என்று நினைக்கிறேன். உள்ளூர்க்காரராக இருந்தால் சுத்தம் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள், எப்படிக் காய வைப்பது என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

என்னுடையது கன்வெர்டிபிள் இல்லை, கேன்வாஸ் ஹூட், அதாவது துணிக் கூரை, போட்ட பழைய மாருதி ஜிப்சி ஜீப். "ஜிப்சிக்காரனுக்கு இதில் என்ன தெரியும்" என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பூசணத்துக்கு வண்டியின் விலை தெரியாது. உங்கள் கூரையில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும்: மேலே நெய்த துணி, நடுவில் ரப்பர், உள்ளே லைனிங். மழையைத் தடுப்பது அந்த ரப்பர்தான். அதனால் மேல்துணி ஊறிக் கிடந்தாலும் உள்ளே சொட்டாது, நாமும் கண்டுகொள்ள மாட்டோம்.

எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஒரு வருடம் விடாமல் அடித்து ஓய்ந்தபோது, ஹூட்டின் வெயில் படாத பக்கம் தையல் ஓரமெல்லாம் பச்சை, மடிப்புகளில் கறுப்புப் புள்ளி. சீட் கவர் கடைக்காரர் விரலால் ஒரு தேய் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் சார், புதுசா தச்சுடலாம்" என்றார். வாட்டர் வாஷ் பையனோ பிரஷர் கன்னைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டான். கிட்டத்தில் வைத்து அடித்தால் நெசவும் தையலும் விட்டுப்போகும். இரண்டும் வேண்டாம் என்று வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

முதலில் நனைக்காமலே மெல்லிய பிரஷால் தூசி தட்டினேன். சில்வர் ஓக் இலை தையலுக்குள் செருகிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதை விரலால்தான் எடுக்க வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், நெசவு போகிற போக்கிலேயே தேய்ப்பு. கறுப்புப் புள்ளிகளில் மட்டும் வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். நுரை சுத்தமாகப் போகும்வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் துணி தண்ணீரை இழுக்கும், மேலே போடும் ஸ்பிரேயும் பிடிக்காது. பிளீச்சிங் பவுடர், டீசல், தின்னர் என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள், கிட்டே விடாதீர்கள். பச்சை போய்விட்டது. லேசான கறை இருக்கிறது. அதற்காகப் புது ஹூட் தைக்க வேண்டுமா என்ன?

அடுத்தது தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் ஃபேப்ரிக் ஸ்பிரே. பெயின்டிலும் கண்ணாடியிலும் படாமல் பேப்பர் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள். இதில் பலவற்றுக்கு நல்ல சூடு வேண்டும், டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். நம் ஊர் மார்கழிக் குளிரில் அடித்தால் காசுக்குக் கேடு. நான் மேட்டுப்பாளையம் இறங்கி மாமியார் வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தி அடித்தேன். "வண்டிக்கு வெயில் காட்டத்தான் எங்க அம்மா வீட்டுக்கு வர்றீங்களா?" என்று வீட்டில் கேட்டது வேறு கதை. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். துணி நனைந்து நிறம் மாறினால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈரத்தோடு கூரையை மடக்கவே கூடாது. பின்னால் பிளாஸ்டிக் ஜன்னல் என்றால் குளிர்ந்த காலையில் மடக்கினால் விரிசல் விடும். தண்ணீர் வடியும் துளைகளை இலை அடைத்தால் காருக்குள் குளம். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணத்துக்குத்தான் வசதி.

ஆனால் ஹூட்டுக்கு உண்மையான எதிரி பூசணம் இல்லை, சிப்ஸ் பாக்கெட். மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தின்பண்டம் போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். பழகிய குரங்கு, வண்டி மெதுவானாலே மேலே குதிக்கிறது. என் ஹூட்டின் பின்மூலையில் இருக்கும் ஒட்டு அப்படி வந்ததுதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு இ-பாஸ் வைத்து வண்டிகளை எண்ணுகிறார்கள், சரி, இந்தப் பாக்கெட்டுகளை யார் எண்ணுவது? சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிறவர்கள் என் மேல் பாய வேண்டாம், வாருங்கள், குரங்கை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன்.

அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, மலைப்பாதையில் வரும் குஞ்சப்பனை தாண்டும்வரை கூரையைத் திறக்காதீர்கள்.