புகை நின்ற பிறகு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்ட் பிரிவில் இருக்கிறேன். வயது 46. பாலிடெக்னிக் படிக்கும்போது பிடித்த சிகரெட். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு ஆகிவிடும். கூட வேலை பார்க்கும் நண்பருக்கு 44 வயதில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் என்னோடு டீக்கடைக்கு வந்து தம் அடிப்பவர் அவர். அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே விட்டுவிட்டேன். ஐந்து வாரம் ஆகிறது.

முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் சில மாற்றங்கள் தெரிகின்றன. ஏணி ஏறி பஸ்ஸின் மேல்கூரைக்கு ப்ரைமர் அடித்துவிட்டு இறங்கினால் முன்பெல்லாம் மூச்சு வாங்கும். இப்போது இல்லை. ரசத்தில் பெருங்காயம் மணக்கிறது. தின்னர் வாசனைதான் தலைக்கு ஏறி வலிக்கிறது, முன்பு அப்படி ஒரு வாசனை இருப்பதே தெரியாது. ஆள்காட்டி விரல் நகத்தைப் பார்த்தேன். மேல்பக்கம் பழைய மஞ்சள், அடியில் சுத்தமான நகம், நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இருமல் கூடிவிட்டது. காலையில் கறுப்புக் கலந்த சளி வருகிறது. "குடிச்சிட்டு இருந்தப்பகூட இப்படி இருமலைங்களே" என்கிறாள் மனைவி. ராத்திரி தூக்கம் இல்லை. மலச்சிக்கல் வேறு. மாமனார், "மாப்பிள்ளை, இத்தனை வருசப் பழக்கத்தைச் சட்டுன்னு விட்டா நெஞ்சு தாங்காது, கொஞ்சங்கொஞ்சமா குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சர்க்கரைக்கு ஒரு வருடமாக மாத்திரை எடுக்கிறேன்.

நல்லது நடக்கிறது என்று நான் நினைப்பது நிஜமா, மனப்பிரமையா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று குடித்தால் என்ன?

க.

அன்புள்ள க.,

மனப்பிரமையா என்று கேட்கிறீர்கள். உங்கள் நகத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் சுத்தமான நகம் இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்திய தேதியை உடம்பு தானாகவே குறித்து வைத்திருக்கிறது. இன்னும் ஐந்தாறு மாதத்தில் மஞ்சள் முழுவதும் நகவெட்டியோடு போய்விடும்.

மூச்சு விஷயமும் நிஜம்தான். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டும். பஸ் கட்டுகிறவர் நீங்கள், உங்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் இது ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்காது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் புதிதாகச் சிலர் ஏறுவார்கள். புகை நின்றால் ஒரு நாளைக்குள் சீட்டுகள் காலியாகிவிடுகின்றன. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குவதற்கு அத்தனை நேரம்கூட வேண்டாம், கடைசி சிகரெட்டிலிருந்து 20 நிமிடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ரத்த ஓட்டமும் நுரையீரல் வேலை செய்யும் திறனும் சீராக இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். ஏணியில் உங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

தின்னர் வாசனையைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது சந்தோஷமான செய்தி. தின்னர் அன்றைக்கும் காற்றில் இதே அளவுதான் இருந்தது. உங்கள் மூக்குதான் அதை எடுத்துச் சொல்ல முடியாமல் கிடந்தது. இப்போது சொல்கிறது, தயவுசெய்து கேளுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை தூசியையே ஒழுங்காகத் தடுக்காது, ஆவியைத் தடுக்கவே தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த கேட்ரிஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும். முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் கூச்சப்பட எதுவுமில்லை, வாங்கித் தர வேண்டியது அவர் கடமை.

இனி இருமல். நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டைப் பக்கம் மேலே தள்ளுகின்றன. புகை அவற்றை முடக்கிப்போடுகிறது, சளி அங்கேயே தேங்குகிறது. புகை நின்றதும் இழைகள் மறுபடி அசையத் தொடங்குகின்றன. கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. அதனால்தான் சிலருக்கு நிறுத்திய பிறகு இருமல் கூடுகிறது, கறுப்பாகச் சளி வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இருமலும் மூச்சிரைப்பும் படிப்படியாகக் குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்.

இதோடு நிறுத்தினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். நான் நிறுத்தப் போவதில்லை. புகையை விட்டவர்களுக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் "எல்லாம் கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்று எல்லா இருமலுக்கும் ஒரே பதில் சொல்லிவிடுகிறார்கள். அது ஆபத்தான ஆறுதல். நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு மருத்துவ விதி. புகைபிடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம். உங்களிடம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. உங்களுக்குக் காசநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. இந்த வாரமே போய்ச் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள், கூடவே மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ வாரக்கடைசிவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இருமலுக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம், அது உங்கள் தொழிலில். ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. ஸ்ப்ரே பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பட்டறைக்குத் தொடர்ந்து மூன்று நான்கு நாள் போகாதபோது இருமல் தணிந்து, திரும்பிப் போனதும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் டாக்டரிடம் "சிகரெட்டை விட்டேன்" என்பதோடு "பி.யு. பெயிண்ட் அடிக்கிறேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர் டாக்டர் அறைகளில் கூட்டம் அதிகம், அவர் கேட்பார் என்று இருந்துவிட முடியாது.

தூக்கத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று நீங்கள் எழுதவில்லை. பட்டறை வேலை என்றால் ஐந்தாறு இருக்கும். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீனைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. சிகரெட் புகையின் தார் அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைபிடிப்பவர் உடம்பில் கஃபீன் சீக்கிரம் தீர்ந்துபோகும். புகையை நிறுத்திய சில நாட்களில் நொதி இயல்பு வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. நீங்கள் குடிப்பது அதே டீதான், ஆனால் ரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு தங்குகிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், விடியவிடிய விழிப்பு எல்லாம் வரும். நிக்கோட்டின் இல்லாததால் வருகிறது என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். புகையை நிறுத்தியபோது எனக்கும் இந்தப் படபடப்பு வந்தது, சாயங்கால டீயை விட்டதும் போய்விட்டது. நான்கு மணிக்கு மேல் டீ வேண்டாம், மொத்த எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். (ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநோய்க்கு ஓலன்சபின் அல்லது குளோசபின் சாப்பிடுகிற வாசகர்கள் யாராவது புகையை விட்டால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். இதே நொதிதான் அந்த மருந்துகளையும் கரைக்கிறது, அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.)

மலச்சிக்கல் சில வாரத்தில் சரியாகும். குடலை நிக்கோட்டின் தூண்டிக்கொண்டே இருந்தது, இப்போது அது தானாக வேலை செய்யப் பழக வேண்டும். தண்ணீர், கீரை, கொய்யா போதும். சர்க்கரை மட்டும் கவனம். நிறுத்தியவர்களுக்குச் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடும், வாய் சும்மா இருக்காமல் எதையாவது கேட்கும். தம்முக்குப் பதிலாகக் கடலை மிட்டாய் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அடுத்த மாதம் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மாமனார் சொல்வதை எல்லா ஊரிலும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மனதில் ஒரு காட்சி இருக்கிறது. நாற்பது வருடம் பீடி குடித்த ஒருவர் திடீரென்று விட்டார், ஆறே மாதத்தில் போய்விட்டார். அவர் ஏன் விட்டார் என்பதை யாரும் கேட்பதில்லை. நெஞ்சு வலி வந்ததால், மூச்சு முட்டியதால், டாக்டர் எச்சரித்ததால் விட்டிருப்பார். நோய் முதலில் வந்தது, விட்டது பிறகு. சட்டென்று விடுவதால் மாரடைப்பு வருவதில்லை, ஆபத்து அன்றிலிருந்து குறையத்தான் செய்கிறது. "கொஞ்சங்கொஞ்சமா" என்பதையும் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் சுமார் 700 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. நான்கு வார முடிவில், ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம் பேர் புகை தொடாமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம்தான்.

அவருக்கு இன்னொன்றையும் சொல்லலாம். 1951இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 34,439 ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அந்த ஆய்வு அவர்களை 50 வருடம் பின்தொடர்ந்தது. 2004இல் வந்த முடிவு: 60 வயதில் விட்டவருக்குக்கூட ஏறத்தாழ 3 வருடம் ஆயுள் மிஞ்சுகிறது. 50இல் விட்டால் 6, 40இல் விட்டால் 9. உங்கள் 46 எங்கே வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டாலும் ஒருகாலத்தில் புகைபிடித்தவர்தான். இதற்கு முன்பு செய்த தன் ஆய்வின் கணக்குகள் காட்டியதைப் பார்த்து நிறுத்தியவர்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது: நாளுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் வருகிறது. ஒன்று என்றால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்று நாம் போடும் கணக்கு இதயத்துக்குப் பொருந்தாது. வாரத்துக்கு ஒன்றுதானே என்பீர்கள். புகையை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் புகைபிடிப்பவர் மூளையில் எண்ணிக்கையில் பெருகியிருக்கும், நிறுத்திய பிறகு சில வாரங்களில்தான் மெல்லக் குறைந்து இயல்புக்கு வரும். நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். இப்போது போய் ஒன்று குடிப்பது, ஐந்து வாரம் பட்ட பாட்டை மறுபடி முதலிலிருந்து படுவதற்கு வழி. அடுத்த ஞாயிறுவரை அது காத்திருக்காது, திங்கட்கிழமை பத்தரை மணி டீயிலேயே கேட்கும்.

இந்த எண்ணம் உங்களுக்கு இப்போது வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் வாரம் கஷ்டம் கண்முன் நிற்கும், கவனமாக இருப்போம். மூச்சு நன்றாக வந்து, பெருங்காயம் மணக்க ஆரம்பித்த பிறகுதான் "இனி என்ன, நாம் ஜெயித்துவிட்டோம்" என்று தோன்றும். நான் பார்த்தவரை திரும்பிப் போனவர்களில் பலர் உடம்பு நன்றாக ஆனபோதுதான் போனார்கள். கல்யாண வீட்டில், நண்பர் ஒருவர் நீட்டியபோது.

சிகரெட் கேட்கும் அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடம்தான் நீடிக்கும். அந்த நிமிடங்களில் பெட்டிக்கடை பக்கம் நிற்காதீர்கள். கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் கனன்றுகொண்டிருக்கும் அந்தத் தேங்காய்நார்க் கயிறைப் பார்த்தாலே கை சட்டைப்பைக்குப் போகும். டீயைப் பட்டறைக்கே வாங்கிவரச் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்த நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு இது உங்களைவிட அவசியம். தாங்கவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழையுங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் அது. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்குகிறவர் கண்ணில் படாது. நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம். அதெல்லாம் இல்லாமல் ஐந்து வாரம் தாண்டியவருக்குத் தேவைப்படாமலும் போகலாம்.

சளிப் பரிசோதனைதான் முதல் வேலை. முடிவு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.