பட்டம் முடிந்ததும் முதுமாணிக்கு ஓட வேண்டாம்

வணக்கம் அம்மா. சமூகப்பணி படித்து விரிவுரையாளராக வர உங்கள் மகளுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். "சனத்துக்கு உதவி செய்யப் பட்டம் எதுக்கு? என்ஜிஓ ஒன்றில் சேர்ந்தால் சரிதானே" என்று உங்கள் தமையனார் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சுனாமிக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும் அப்படிச் சேர்ந்த பலர், திட்டக் காசு முடிந்ததும் வீட்டில் இருந்ததை யாழ்ப்பாணம் பார்த்ததுதான். அதோடு மகள் கேட்பதும் வேறு. சமூகப்பணியைப் படிப்பிக்கவும் ஆராயவும் விரும்புகிறாள்.

இலங்கையில் இதற்கென்றே உள்ள பழைய இடம், 1952இல் தொடங்கிய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். இப்போது சீதுவையில் இருக்கிறது. இளமாணி (முதல் பட்டம்), முதுமாணி (அதற்கு அடுத்த பட்டம்) இரண்டும் அங்கே உண்டு. வீட்டை விட்டு அனுப்பப் பயமென்றால், யாழ். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு முதுமாணியில் சமூகப்பணிக்கு மாறப் பார்க்கலாம். இந்தியாவில் சென்னையிலும் மும்பையிலும் பேர்போன கல்லூரிகள் இருக்கின்றன. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இலேயே தொடங்கியது.

விரிவுரையாளர் பதவிக்கு முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும். முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சில காலம் இழுபடவும் நேரும். வெற்றிடங்கள் குறைவு, மறைக்க மாட்டேன்.

ஆனாலும் பட்டம் முடிந்த கையோடு முதுமாணிக்கு ஓட வேண்டாம் என்பேன். இரண்டு வருடமாவது களத்தில் நிற்கட்டும். இந்தத் துறையில் ஆசிரியரின் பாதி வேலை களப்பயிற்சி மேற்பார்வைதான். ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் "ஆலோசனை வழங்கினேன்" என்று ஒற்றை வரி எழுதிவருவாள். நுண்கடன் வசூலிக்க வந்தவர் வாசலில் நின்றபோது, அவள் ஆலோசனை சொன்ன அந்த வீட்டுப் பெண் யார் பக்கம் பார்த்தார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்று அவளிடம் கேட்க வேண்டும். தானே அந்த வாசலில் நிற்காதவருக்கு இந்தக் கேள்வி வராது.

ஆராய்ச்சியும் அப்படித்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் படிவத்தோடு போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு படிவம் தேவைதானா என்று முதலில் யோசிக்கிறவள்தான் நல்ல ஆய்வாளராக வருவாள். வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதற்கு இப்போதே பழகட்டும்.

விரிவுரையாளர் பதவி கிடைக்கத் தாமதமானால், சமூக சேவை, நன்னடத்தை, சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வேலைகளுக்கு விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்கலாம். அதுவும் களம்தானே.

விண்ணப்பப் படிவம் நிரப்ப முன்னர், உங்கள் பிரதேச செயலகத்தில் அனுமதி கேட்டு, சமூக சேவைப் பிரிவு வாங்கில் ஒரு காலை முழுக்க அவளை இருக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.