ஏழு சீட்டு வண்டி: கேளுங்க, சொல்றேன்

மூணு வரிசை எஸ்யூவி வச்சிருக்கிற தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்களுக்கு. டீசல் சமாச்சாரம், ஏசி, லோடு, மலை இறக்கம் எல்லாம் கேளுங்க. லோன், இன்ஷூரன்ஸ், மியூசிக் சிஸ்டம் என் இலாகா இல்ல. எத்தனை கிலோமீட்டர் ஓடின வண்டின்னு சொல்லிட்டுக் கேளுங்க.

ஓசூர்: டீசல், 31,000 கி.மீ. தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரை. இரண்டு மாசத்துல மூணு தடவை டிபிஎஃப் லைட். சென்சார் மாத்தணும்ங்கறாங்க.

சென்சாருக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஓட்டற முறையைப் பாருங்க. டிபிஎஃப்ங்கறது சைலன்சர் லைன்ல இருக்கிற வடிகட்டி, அது டீசல் புகைக்கரியைப் பிடிச்சு வச்சு, அப்பப்போ சுமார் 600 டிகிரி சூட்டுல எரிச்சுத் தள்ளும். அந்தச் சூடு வரணும்னா வண்டி ஒரே சீரா ஓடணும். அத்திப்பள்ளி நெரிசல்ல முதல் கியர், இரண்டாம் கியர்னு நகர்ந்தா வராது. எரிப்பு பாதியில இருக்கும்போது ஆபீஸ் வந்துடும், நீங்க சாவியைத் திருப்பிடுவீங்க. ஐடிலிங் (வண்டி நிக்கும்போது இன்ஜின் சுத்தற வேகம்) கொஞ்சம் ஏறியிருக்கறது, வண்டியை அணைச்ச பிறகும் ஃபேன் சத்தமா ஓடறது, கீழேயிருந்து சூடான வாசம் இதெல்லாம் எரிப்பு நடக்குதுங்கிறதுக்கு அடையாளம். அப்போ அணைக்காம இன்னும் 15 நிமிஷம் ஓட்டுங்க.

வாரத்துக்கு ஒரு நாள் கிருஷ்ணகிரி ரோட்டுல சூளகிரி வரைக்கும் போய்த் திரும்புங்க. டாப் கியர் வேண்டாம், ஒண்ணு குறைச்சு 2,000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு 20 நிமிஷம். லைட் மட்டும் எரிஞ்சா இது போதும். கூடவே இன்ஜின் லைட்டும் வந்து வண்டி இழுக்காம போச்சுன்னா ஓட்டாதீங்க, சர்வீஸ்ல ஸ்கேனர் வச்சு எரிக்கணும்.

இன்னொண்ணு, இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்க. பாதியில நின்ன எரிப்புகளோட டீசல் ஆயில்ல இறங்கும். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தா, "குறையலையே, நல்லதுதானே"ன்னு விடாதீங்க. நீர்த்துப்போன ஆயில் டர்போவைத் தின்னுடும், உடனே மாத்துங்க. ஆயில் சாம்பல் குறைவான சி2 அல்லது சி3 ரகமா, மேனுவல்ல போட்டிருக்கிறதா இருக்கணும். இதெல்லாம் செஞ்ச பிறகும் லைட் வந்தா, பிரஷர் சென்சாருக்குப் போற இரண்டு ரப்பர் டியூப்ல விரிசல் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. முதல்ல டியூப், அப்புறம் சென்சார்.

மத்தூர்: எந்த 7 சீட்டர் பெஸ்ட் சார்?

எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு? இதைச் சொல்லாம பதில் இல்ல.

காவேரிப்பட்டணம்: மாங்கா சீசன்ல குடும்பத்தோட சென்னை போறோம். ஏழு பேர், பின்னாடி ஆறு கிரேட் பெங்களூரா மாங்கா. தாங்குமா?

தாங்காது. ஆர்சியில மொத்த எடை, வெறும் எடை இரண்டும் இருக்கும், கழிச்சுப் பாருங்க. இந்த ரக வண்டிகள்ல பெரும்பாலும் 500லிருந்து 600 கிலோவுக்குள்ளதான் வரும். ஆளுக்கு 65 கிலோன்னு வச்சாலே ஏழு பேர் 455. துணிப் பைக்கு 40. கிரேட் ஒண்ணு 20 கிலோன்னா ஆறு சேர்ந்து 120. கணக்கு உங்களுக்கே தெரியும். அதுவும் மூணாவது வரிசைக்குப் பின்னாடி வைக்கிற எடை பின் அச்சுக்கும் பின்னால உட்காருது. முன்பக்கம் லேசாகும், ஸ்டியரிங் மிதக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். கேரியர்ல ஏத்தலாம்னு யோசிக்காதீங்க. அதோட வரம்பு தனி, மேனுவல்ல இருக்கு, பல வண்டிக்கு 75 கிலோவைத் தாண்டாது. கழிச்சு வந்த எண் இடம் கொடுத்தா இரண்டு கிரேட் எடுத்துக்கிட்டு மீதியை பார்சல்ல போடுங்க.

டயர் காத்து ஃபுல் லோடுக்குத் தனி அளவு. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கு. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி அடிங்க. பங்கில் "எல்லாம் 35 போட்டுட்டேன்"னு சொல்றதைக் கேட்டுக்காதீங்க.

பாலக்கோடு: ஏசி முன்னாடி ஜில்லுனு இருக்கு, மூணாவது வரிசையில குழந்தைங்க வேர்த்துப் போறாங்க. கேஸ் அடிச்சும் பிரயோஜனம் இல்ல.

முன்னாடி ஜில்லுனு வந்தா கேஸ் மேல சந்தேகப்பட்டிருக்கவே வேண்டாம். முதல்ல, பின்னாடி தனி கூலிங் காயில் இருக்கா, இல்ல வெறும் ஃபேனான்னு தெரியணும். வண்டியடியில முன்னாலிருந்து பின்னால வரைக்கும் இரண்டு அலுமினியப் பைப் ஓடுதான்னு குனிஞ்சு பாருங்க. இல்லைன்னா உங்களுது ஃபேன் மட்டும். முன்பக்கம் குளிர்ந்த காத்தைத்தான் அது பின்னாடி தள்ளும், அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. பைப் இருந்தா பின் எக்ஸ்பான்ஷன் வால்வு, புளோவர், காயில்ல படிஞ்ச தூசின்னு வரிசையா பார்க்கச் சொல்லுங்க.

இரட்டை ஏசிக்கு கேஸ் கூடுதலா பிடிக்கும். எத்தனை கிராம்னு பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர்ல இருக்கு. பழைய கேஸை முழுசா எடுத்து, எடை போட்டு அடிக்கணும். மீட்டர் முள்ளைப் பார்த்து அடிச்சிருந்தா, இப்போ அதிகமா இருக்கவும் வாய்ப்பிருக்கு.

பர்கூர்: மைலேஜ் எவ்ளோ தரும்?

டேங்கை நிரப்பி, 300 கி.மீ. ஓட்டி, மறுபடி அதே பங்கில் நிரப்பி வகுத்துப் பாருங்க.

நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாய் இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. சரியா அண்ணே?

மிச்சமும் இல்ல, உயிருக்கும் உத்தரவாதம் இல்ல. கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல காலை எடுத்தா சக்கரமே இன்ஜினைச் சுத்தும், இன்ஜெக்டர் டீசலை முழுசா நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் தன்னால ஓடணும், அதுக்கு மணிக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் குடிக்கும். மீட்டர்ல உடனடி மைலேஜ் காட்டற வண்டின்னா இரண்டையும் செஞ்சு பார்க்க வேண்டாம், கியர்ல இறங்கும்போது மட்டும் பாருங்க, எண் உச்சத்துல போய் நிக்கும்.

அரூர்: ஒத்துக்க மாட்டேன். கியர்ல விட்டா வண்டி வேகம் குறையுது, மறுபடி மிதிக்க வேண்டியிருக்கு. நியூட்ரல்ல ரொம்ப தூரம் போகுதே?

லேசான சரிவுல நீங்க சொல்றது உண்மைதான். காரிமங்கலம் பக்கத்து ஏத்த இறக்கத்துல நியூட்ரல் வண்டி கொஞ்சம் கூட உருளும். ஆனா கேள்வி தொப்பூர். அங்க வேகம் குறையறது பிரச்சினை இல்ல, கூடறதுதான் பிரச்சினை. ஏழு பேரோட 2,400 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினா வர்ற சக்தி, ஏழெட்டு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கும். நியூட்ரல்ல அந்தச் சூடு கிட்டத்தட்ட முழுக்க நாலு சக்கரத்துப் பிரேக்குக்குள்ள போகணும். கியர்ல இருந்தா இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கும்.

பிரேக் இரண்டு விதமா கைவிடும். பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கலைன்னா பேட் சூடாகிப் பிடிப்பு போச்சு. பெடல் பஞ்சா உள்ள போனா பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி தாங்கணும், ஈரம் உறிஞ்சினதுக்கு வெறும் 155 போதும்னு வரையறை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது இதுக்குத்தான்.

தருமபுரி: லாரிக்காரங்க காலங்காலமா அப்படித்தானே இறக்கறாங்க?

தொப்பூர் இரட்டைப் பாலம் பக்கம் நடக்கிற விபத்துச் செய்திகளைப் படிக்கறீங்கதானே.

அரூர்: சரி, ஆட்டோமேட்டிக்ல என்ன பண்றது? ஹில் டிசென்ட் பட்டன் இருக்கே.

அந்தப் பட்டன் கரடுமுரடான இறக்கத்துல ஊர்ந்து போகறதுக்கு, அதுவும் பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கும். தொப்பூருக்கு மேனுவல் மோடுக்கு மாத்தி மூணு இல்லன்னா நாலுல வைங்க, இன்ஜின் 2,500லிருந்து 3,000 வரைக்கும் சுத்தட்டும். சத்தம் வரும், கெடாது. வேகம் ஏறினா ஒரு தடவை அழுத்தி 10, 15 கி.மீ. குறைச்சு முழுசா விட்டுடுங்க. லேசா மிதிச்சே வச்சிருக்கறதுதான் டிஸ்க்கைச் சுடும். சில பேர் இன்ஜினையே அணைச்சு இறக்கறாங்க. இரண்டு மூணு மிதிக்குள்ள பிரேக் பூஸ்டர் காலி, ஸ்டியரிங்கும் கல்லாயிடும். அவங்களோட வாதாட எனக்கு நேரமில்ல.

பென்னாகரம்: கூலன்ட் குறைஞ்சா போர் தண்ணி ஊத்தலாமா?

நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம்னுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. பக்கெட்டுல வெள்ளையா படியற அந்த உப்பு, போர் தண்ணி ஊத்தினா ரேடியேட்டர் குழாய்க்குள்ளேயும் படியும். கலந்து வர்ற கூலன்ட் வாங்குங்க, இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணியும் டிஸ்டில்டு இல்ல. வழியில நின்னுட்டா கேன் தண்ணி ஊத்தி வீடு வரலாம், அடுத்த வாரமே மொத்தமா மாத்திடுங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க.

ராயக்கோட்டை: மழைக்கு மேல்கூரை துணி நனையுது. சன்ரூஃப் கண்ணாடி மாத்தணுமாம்.

புளியமரத்தடியில நிறுத்தறீங்களா? ஓரத்துல இருக்கிற தண்ணிக் குழாய் இலையால அடைச்சிருக்கும். மூலைக்கு 100 மில்லி தண்ணி மெதுவா ஊத்துங்க, சக்கரத்துப் பக்கமா கீழ வடியணும். வடியாத மூலையில மெல்லிசான நைலான் கம்பி விட்டு எடுங்க. கம்ப்ரஸர் காத்து அடிச்சா உள்ள ஜாயின்ட் கழண்டு தண்ணி சீட்டுக்கு வரும்.

போச்சம்பள்ளி: எந்த 7 சீட்டர் நல்லது?

மத்தூருக்குச் சொன்னதைப் படிங்க.

கிருஷ்ணகிரி: மாந்தோப்பு வீடு. எலி ஒயரைக் கடிச்சு இரண்டு தடவை செலவு. ஸ்பிரே எது நல்லது?

ஸ்பிரே இரண்டு நாள்ல போயிடும். பின் சீட்டு இடுக்குல குழந்தைங்க சிந்தின முறுக்கு, பிஸ்கட்டை முதல்ல வாக்குவம் போடுங்க. ஏசிக்குக் காத்து போற வழியில பொடிக் கண்ணி இரும்பு வலை வைக்கச் சொல்லுங்க, எலி கேபின் ஃபில்டரைத் தாண்டி உள்ள வர்றது அந்த வழியாத்தான். ஒரே இடத்துல மூணு நாள் நிறுத்தி வைக்காதீங்க. ராத்திரி பானெட்டைத் திறந்து வச்சா இருட்டு தேடி வர்ற எலி கூடு கட்டறது குறையும்.

ஓசூர்: பெங்களூர்ல வாங்கின கேஏ (கர்நாடகா பதிவு) வண்டி, ஓசூர்ல ஓட்டலாமா?

12 மாசத்துக்கு மேல இங்கயே வச்சிருந்தா மறுபதிவு செய்யணும். மீதி ஆர்டிஓ ஆபீஸ்ல கேளுங்க.

ஊத்தங்கரை: ஆட்ப்ளூவை (புகையைச் சுத்தம் பண்ற யூரியா கரைசல், அதுக்குத் தனி டேங்க்) தப்பா டீசல் டேங்க்ல ஊத்திட்டாங்க.

சாவியைக்கூடப் போடாதீங்க, பம்ப் ஓடிடும். டோ பண்ணி, டேங்கை இறக்கிக் கழுவணும். ஸ்டார்ட் பண்ணாம இருந்தா செலவு டேங்கோட நிக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டி: டயருக்குக் காத்து எவ்வளவு சார்?

டிரைவர் கதவைத் திறங்க.